வந்த காரணம்: சுற்றுலா

இந்த விஷயத்தை எழுதணும்னு நினைச்சு ரெண்டு வருஷமா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். சோம்பேறித்தனம் ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் சங்கடமானது. இதுல நான் சொன்ன ஒரு பொய் வருது. ஒரே பொய்தான், ஆனா ஆறு தடவை சொன்னது. அதுவும் சீருடை போட்ட ஆளுங்க முகத்தைப் பார்த்துச் சொன்னது.

கொசுவத்தியைச் சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் இருந்தவங்களுக்கு மின்வெட்டைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்க மாயவரத்தில் பல நாள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. நான் அப்போதான் சென்னை வேலையை விட்டுட்டு, ஐரோப்பாவில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கையேடு எழுதிக் கொடுக்கிற வேலையைப் பிடிச்சிருந்தேன. ஊரோட இருக்கலாம், அப்பா அம்மாவைப் பார்த்துக்கலாம், பொட்டியும் தட்டலாம்னு திட்டம். இன்வெர்ட்டருக்கு அந்தத் திட்டம் பிடிக்கலை. மீட்டிங்கில் அவங்க கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள இங்கே மோடம் கண்ணை மூடிடும். ரெண்டு மாசம் போனதும் அந்த ஊர் மேனேஜர் ரொம்ப மரியாதையா, "மின்சாரம் இருக்கும் ஏதாவது ஊரில் இருந்து வேலை செய்ய முடியுமா?"ன்னு மெயில் போட்டார்.

பழைய ஆபீஸ் நண்பன் ஒருத்தன்தான் சியாங் மாய் பேரைச் சொன்னான். தாய்லாந்தோட வடக்கே, மலையடிவாரத்து ஊர். வாடகை சென்னையை விடக் குறைச்சல், இன்டர்நெட் நிக்காது. டிசம்பர்ல சுகமான குளிர். (பிப்ரவரி தாண்டினா வயலையும் காட்டையும் கொளுத்தற புகையில் மூக்கு எரியும். அதை அவன் சொல்லலை, பாவி.) 2013 ஜனவரியில் கிளம்பினேன்.

விமானத்துல ஒரு அட்டை குடுப்பாங்க, டிஎம் 6-ன்னு பேரு. அதில் 'வந்த காரணம்'னு போட்டு வரிசையா கட்டங்கள்: விடுமுறை, வியாபாரம், கல்வி, வேலைவாய்ப்பு, மாநாடு இப்படி. நான் என்ன பண்றேன்? அங்கே எவன்கிட்டயும் வேலை கேக்கப் போறதில்லை. வியாபாரமும் இல்லை. ஆனா திங்கட்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு ஆணி புடுங்க உட்கார்ந்தாகணும். 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதில் டிக் போட்டா கவுண்டர்ல விளக்கம் கேப்பாங்களேன்னு பயம். விடுமுறையில் டிக் போட்டேன்.

கவுண்டர்ல எனக்கு முன்னாடி நின்ன டச்சுக்காரப் பையனுக்கு ஒரு கேள்வியும் இல்லாம முப்பது நாள் முத்திரை விழுந்துச்சு, இலவசம். எனக்கு வேற வரிசை. இந்தியர்களுக்கு அப்போ 'வந்திறங்கியதும் விசா'. பதினைஞ்சு நாள்தான், ஆயிரம் பாட் கட்டணம், போட்டோ, திரும்பிப் போற டிக்கெட், கையில பத்தாயிரம் பாட் இருக்கான்னு கேட்டா காட்டணும். (2016-ல் அந்தக் கட்டணம் ரெண்டாயிரம் ஆச்சு.) அந்தப் பையனும் என்னை மாதிரியே பொட்டி தட்டத்தான் வந்திருக்கான்னு ஒரு வாரம் கழிச்சு ஒரு காபிக் கடையில் தெரிஞ்சுது. அவனும் அதே கட்டத்துலதான் டிக் போட்டிருந்தான். ஒரே பொய்க்கு அவனுக்கு முப்பது நாள், எனக்குப் பதினைஞ்சு.

இந்தக் கணக்கு எங்கே ஆரம்பிச்சதுன்னு நோண்டப் போனதுதான் இந்தக் கட்டுரை.

பாங்காக் போனவங்களுக்கு சீலோம் சாலை மாரியம்மன் கோயில் தெரிஞ்சிருக்கும். தாய்க்காரங்க 'வாட் கேக்'ம்பாங்க. நம்ம ஊர்க் கோபுரம் அப்படியே தூக்கி நட்டு வெச்ச மாதிரி நிக்கும். 1870-கள்ல அங்கே குடியிருந்த தமிழர்கள் எழுப்பின கோயில். ரத்தினக்கல், ஆடு மாடு வியாபாரம்னு போனவங்க. அவங்க எந்த விசாவில் போனாங்க? ஒரு விசாவும் கிடையாது. அது மட்டும் இல்லை. 1855-ல் பிரிட்டனும் சயாமும் போட்ட பௌரிங் ஒப்பந்தப்படி, பிரிட்டிஷ் பிரஜை பாங்காக்கில் தங்கலாம், வியாபாரம் பண்ணலாம். தப்பு பண்ணினாலும் சயாம் கோர்ட்டு விசாரிக்க முடியாது, பிரிட்டிஷ் தூதர்தான் விசாரிக்கணும். மெட்ராஸ் ராஜதானியிலிருந்து போனவரும் பிரிட்டிஷ் பிரஜைதான். தூதரகத்தில் பேரைப் பதிஞ்சுக்கிட்டார்னா சயாம் போலீஸ்காரர் அவர்கிட்ட யோசிச்சுத்தான் பேசணும். 1909-ல் நடந்த அடுத்த ஒப்பந்தத்தில் கெடா, பெர்லிஸ், கெலந்தான், திரெங்கானு நாலும் பிரிட்டன் கைக்குப் போச்சு. அதுக்குப் பதிலா பிரிட்டன் இந்தச் சலுகையை விட்டுக் குடுக்க ஆரம்பிச்சுது.

முதல் தடவை இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. 1880-ல் மாட்டு வியாபாரி ஒருத்தர் கோவணத்தோட இறங்கியிருந்தாலும் பாங்காக்கில் அவருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு, லேப்டாப்போட இறங்கின எனக்குக் கிடையாது. அது அவரோட பலம் இல்லை, அவருக்கு மேல உட்கார்ந்திருந்தவனோட பலம்ங்கறது வேற விஷயம். அதே பிரிட்டிஷ் பிரஜைப் பட்டத்தை நம்பிக் கனடாவுக்குக் கப்பலேறினவங்க கதை நமக்குத் தெரியும். 1914-ல் கோமகட்டா மாரு கப்பல், 376 பேர், வான்கூவர் துறைமுகத்துலயே ரெண்டு மாசம். இந்தியாவிலிருந்து எங்கேயும் நிக்காம நேரா வந்தால்தான் இறங்கலாம்னு 1908-லயே ஒரு விதி போட்டு வெச்சிருந்தாங்க, அப்படி நேரா வர்ற கப்பலே இல்லைன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு. பெரும்பாலானவங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

ஸ்டெஃபான் ஸ்வெய்க்னு ஒரு ஆஸ்திரிய எழுத்தாளர். முதல் உலகப் போருக்கு முன்னாடி பாஸ்போர்ட்னு ஒண்ணைக் கண்ணால பார்க்காமலே இந்தியாவும் அமெரிக்காவும் போய் வந்ததா தன் வாழ்க்கை நினைவுகள்ல எழுதியிருக்கார். உண்மைதான். ஆனா அந்தத் திறந்த உலகம் எல்லாருக்கும் திறந்து இருக்கலை. அவர் இங்கே வந்த அதே காலத்தில்தான் இங்கேயிருந்து போன பஞ்சாபி விவசாயியைக் கரையிலேயே நிறுத்தினாங்க. பாஸ்போர்ட் இல்லாத பொற்காலம்னு யாராவது பெருமூச்சு விட்டா எனக்கு அந்தக் கப்பல்தான் ஞாபகம் வரும்.

போர் வந்துச்சு, ஒற்றர் பயம் வந்துச்சு, ஐரோப்பா முழுக்கத் தற்காலிகமா பாஸ்போர்ட் கட்டாயம் ஆச்சு. 'தற்காலிகம்'ங்கறது எல்லா அரசாங்கத்துக்கும் பிடிச்ச வார்த்தை. 1920-ல் பாரிஸில் சர்வதேச சங்கம் கூட்டின மாநாடு, இன்னிக்கும் நம்ம கையில இருக்கற மாதிரி சின்னப் புத்தக வடிவத்தை எல்லா நாட்டுக்கும் பொதுவா பரிந்துரைச்சுது. அதே 1920-ல் பிரிட்டிஷ் இந்தியாவிலும் நுழையறவங்களுக்கான பாஸ்போர்ட் சட்டம் வந்தாச்சு. சயாம் தன்னோட முதல் இமிகிரேஷன் சட்டத்தை 1927-ல் கொண்டு வந்துச்சு. அது முக்கியமா சீனாவிலிருந்து கூட்டம் கூட்டமா வந்த தொழிலாளிகளை மனசில் வெச்சது.

இங்கேதான் எனக்கு வேண்டிய நூல் கிடைச்சுது. தாய்லாந்தில் 'வெளிநாட்டான் வேலை செய்யக் கூடாது'ங்கற சட்டம் பெரும்பாலும் கைத்தொழிலைச் சுத்திப் பின்னினது. பீபுன் ஆட்சியில், 1942-ல், முடிவெட்டறது உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட தொழில்களைத் தாய்க்காரங்களுக்கு மட்டும்னு ஒதுக்கினாங்க. குறி சீனர்கள் மேல. 1978-ல் வெளிநாட்டவர் வேலைச் சட்டம், அடுத்த வருஷமே 39 தொழில்களோட ஒரு தடைப் பட்டியல். அந்தப் பட்டியலைப் படிச்சா ஒரு பழைய கடைத்தெருவுக்குள்ள நடந்து போற மாதிரி இருக்கும். விவசாயம், கொத்து வேலை, தச்சு வேலை, பாய் முடையறது, குடை செய்யறது, புத்த பிட்சுகளோட திருவோடு செய்யறது, தாய் எழுத்து அச்சுக் கோக்கறது, கடையில நின்னு விக்கறது. நானும் தேடித் தேடிப் பார்த்தேன். ஜெர்மன்காரனுக்காக இங்கிலீஷ்ல கையேடு எழுதறது அதில் இல்லை. :-)

ஆனா அந்தச் சட்டத்தில் 'வேலை'க்கு ஒரு விளக்கம் குடுத்திருந்தாங்க பாருங்க, அதுதான் வலை. உடல் பலத்தையோ அறிவையோ செலுத்தறது வேலை. கூலி வாங்கினாலும் வாங்காட்டியும். 2008-ல் புதுச் சட்டம் போட்டப்பவும் அதே விளக்கத்தைத்தான் எடுத்துக்கிட்டாங்க. இதை அப்படியே நீட்டினா, ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஆபீஸ் மெயிலுக்குப் பதில் போட்டவன்கூட மாட்டிக்குவான். (என் விஷயத்தில் அறிவைச் செலுத்தினதா நிரூபிக்கறது கஷ்டம்னு தங்கமணி சொல்றாங்க.)

இதுக்கு நேர் எதிரா இன்னொரு விளக்கமும் உலகத்தில் இருந்துச்சு. 1963-ல் ரோமில் ஐ.நா. ஒரு பயண, சுற்றுலா மாநாடு நடத்தினது. அதில் 'வருகையாளர்' யாருன்னு முடிவு பண்ணினாங்க. தான் வழக்கமா வசிக்காத நாட்டுக்கு, எந்தக் காரணத்துக்காக வேணும்னாலும் வர்றவர், ஒரே ஒரு காரணத்தைத் தவிர: அந்த நாட்டுக்குள்ளேயிருந்தே ஊதியம் கிடைக்கிற தொழில். அதாவது சம்பளம் எங்கேயிருந்து வருதுங்கறதுதான் கேள்வி. அந்த விளக்கப்படி நான் சுத்தமான சுற்றுலாப் பயணி. என் சம்பளம் ஐரோப்பாவிலிருந்து மாயவரம் பாங்க்கில் விழுது, சியாங் மாயில் நான் செலவு மட்டும்தான் பண்றேன். ஆனா அது புள்ளிவிவரக் கணக்குக்காகப் போட்ட விளக்கம். கவுண்டர்ல உட்கார்ந்திருக்கறவர் கையில இருக்கறது மத்த விளக்கம், உடம்பு எங்கே இருக்குன்னு பார்க்கறது.

ரெண்டுக்கும் நடுவுல இருந்த சந்துலதான் எங்க கூட்டம் குடித்தனம் நடத்தினது.

சந்துக்குள்ள முதல்ல நுழைஞ்சவங்க யாருன்னு கேட்டா, நாட்டுக்குள்ளேயே சுத்தினவங்கதான். ஸ்டீவன் ராபர்ட்ஸ்னு ஒரு அமெரிக்கர் 1983-ல் ஒஹையோவிலிருந்து படுத்துக்கிட்டு மிதிக்கிற சைக்கிள் ஒண்ணுல கிளம்பினார். கூட ஒரு கையடக்க ரேடியோ ஷாக் கம்ப்யூட்டர். வழியில் கிடைக்கிற போன்ல மாட்டிக் கட்டுரைகளை அனுப்பிச் சம்பாதிச்சுக்கிட்டே ஆயிரக்கணக்கான மைல் ஓட்டினார். 1997-ல் ஜப்பானியர் சுகியோ மகிமோட்டோ, டேவிட் மேனர்ஸ் கூடச் சேர்ந்து 'டிஜிட்டல் நாடோடி'ன்னே பேர் வெச்சு ஒரு புத்தகம் போட்டார். அவர் குறைகடத்தித் துறையில் பெரிய ஆள். கருவிகள் சின்னதாகிக்கிட்டே போனா மனுஷன் மறுபடி நாடோடி ஆவானான்னு கேட்ட புத்தகம் அது. எதிர்பார்த்த கருவிகள் எல்லாம் வந்தன. இமிகிரேஷன் கவுண்டர் மட்டும் சின்னதாகலை.

சியாங் மாய்க்கு வருவோம். அங்கே வெள்ளைக்காரங்க தங்கற முறை ரொம்ப எளிமை. முப்பது நாள் முத்திரை முடியப் போகுதா, மினிவேன் பிடிச்சு வடக்கே மே சாய் எல்லைக்குப் போ, பாலத்தைத் தாண்டி பர்மாவோட தாச்சிலேக்கில் கால் வை, திரும்பி வா, புது முத்திரை. 'விசா ஓட்டம்'னு பேரு. இதுக்குன்னே வேன் கம்பெனிகள், மதியச் சாப்பாடு சேர்த்துக் கட்டணம்! வருஷக்கணக்கா இப்படியே வாழ்ந்தவங்க உண்டு. அரசாங்கமும் அப்பப்போ கயிற்றை இழுத்துப் பார்த்துச்சு. 2006-ல் ஆறு மாசத்துக்குத் தொண்ணூறு நாள்தான்னாங்க. 2008-ல் அதை எடுத்துட்டு, தரைவழியா வந்தா பதினைஞ்சு நாள்தான்னாங்க. 2014-ல் ராணுவ ஆட்சி வந்த வருஷம் கெடுபிடி உச்சத்துக்குப் போச்சு. 2016 கடைசியில், தரைவழி விசா இல்லா நுழைவு வருஷத்துக்கு ரெண்டே தடவைன்னு ஆக்கினாங்க. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இந்த ஓட்டமே கிடையாதுங்கறதால நான் எல்லாத்தையும் திண்ணையில உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ரெண்டாவது தடவையிலிருந்து சென்னையிலேயே அறுபது நாள் சுற்றுலா விசா எடுத்துக்கிட்டுப் போய், அங்கே 1,900 பாட் கட்டி முப்பது நாள் நீட்டிப்பேன். ஆகத் தொண்ணூறு நாள். முடிஞ்சா ஊர்.

அந்த 2014-லதான் ஒரு சம்பவம். நான் போய்ச் சேர்றதுக்குச் சில வாரம் முன்னாடி, எல்லாரும் மேஜை வாடகைக்கு எடுத்து வேலை செய்யற ஒரு இடத்துக்குள்ள அதிகாரிகள் நுழைஞ்சு, இருபது பேர் கிட்ட வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. விசாரிச்சா, அந்த இடத்தோட ஊழியர்கள்னு நினைச்சுட்டாங்களாம். இவங்க வாடிக்கையாளர்கள், காசு குடுத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்க. ஊரே இதைப் பேசிச்சு. நான் நுழைஞ்ச காபிக் கடைகள்ல அந்த மாசம் பூரா ஒரு வேடிக்கை: கதவு திறந்தா எல்லாரும் லேப்டாப் மூடியை லேசா சாய்ப்பாங்க. வேலை செய்யறவன் வேலை செய்யாதவன் மாதிரி நடிக்கிற ஒரே ஆபீஸ் அதுவாத்தான் இருக்கும். மத்த ஆபீஸ்ல எல்லாம் தலைகீழ்.

சிரிச்சாச்சு. சிரிக்க முடியாத ஒண்ணையும் சொல்லிடறேன்.

நீட்டிப்புக்காக இமிகிரேஷன் ஆபீஸ் போறப்போ நடைபாதையில் ஒரு கூட்டம் எப்பவும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கும். பர்மாவின் ஷான் மாநிலத்திலிருந்து வந்தவங்க. சியாங் மாயோட பளபளப்பான அடுக்குமாடிகளைக் கட்டினதும், நாங்க இருந்த அறைகளைக் கூட்டிப் பெருக்கினதும் பெரும்பாலும் அவங்கதான். அவங்க கையில பிங்க் நிற அட்டை. அனுமதி இல்லாம மாகாண எல்லையைத் தாண்டக் கூடாது. முதலாளி மாறினா சொல்லணும். வருஷா வருஷம் புதுப்பிக்கணும், கட்டணம், மருத்துவச் சோதனை. 'வேலை'ங்கற வார்த்தைக்குச் சட்டத்தில் அவ்வளவு பெரிய வலை பின்னினது அவங்களுக்காக. எங்களை மாதிரி மீன்கள் அந்தக் கண்ணில் நழுவினதுக்குக் காரணம், பிடிக்கணும்னு யாருக்கும் பெரிசா ஆசை இல்லை, அவ்வளவுதான். நான் விடுமுறைக் கட்டத்தில் டிக் போட்டுட்டு வேலை பார்த்தேன். என் அறையைத் துடைச்ச அக்கா உண்மையைச் சொல்லிட்டு வேலை பார்த்தாங்க, அதுக்கு வருஷா வருஷம் காசும் கட்டினாங்க. இதுக்கு மேல நான் டச்சுக்காரப் பையனோட பதினைஞ்சு நாள் கணக்கைப் பேசறது நியாயமான்னு எனக்கே தெரியலை.

2017 டிசம்பர். ஆறாவது தடவை. கவுண்டர்ல இருந்த அதிகாரி ஒரு நடுவயசு அம்மா. பாஸ்போர்ட்டை முன்னாடி பின்னாடி புரட்டினாங்க. "நிறைய தடவை வர்றீங்க. இங்கே வேலையா?" நான் "இல்லை மேடம், விடுமுறை"ன்னேன். "ஒவ்வொரு வருஷமும் மூணு மாசம் விடுமுறையா? நல்ல முதலாளி." சிரிக்கலை. காசு காட்டச் சொன்னாங்க, இருபதாயிரம் பாட். என் சட்டைப்பையில் இருபத்தோராயிரம் இருந்துச்சு. கிளம்பும்போது தங்கமணி, "ஏங்க, கேப்பாங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்கல்ல, மாத்தி எடுத்துட்டுப் போங்க"ன்னு விடாம நச்சரிச்சதோட பலன். அந்த அம்மா நோட்டை எண்ணலை. என் தோளில் தொங்கின லேப்டாப் பையைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. முத்திரை விழுந்துச்சு.

அன்னிக்கு மதியம் ரெண்டு மணிக்கு வழக்கம் போல மீட்டிங். ஒரு வார்த்தை மண்டையில ஏறலை. எங்க அப்பா முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆபீஸ்ல குப்பை கொட்டினவர், ஒரு மெடிக்கல் லீவுகூடப் பொய்யா போட்டதில்லைன்னு பெருமை அடிச்சுப்பார். அவர்கிட்ட அன்னிக்கு ராத்திரி போன்ல இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம், "அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுதான்டா விட்டிருக்கா"ன்னார். அதுதான் எனக்கும் உறுத்தல்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு, நான் போகலை. மாயவரத்தில் கரண்டும் அதுக்குள்ள ஒழுங்காயிருந்தது.

அப்புறம் 2020. உலகமே வீட்டிலிருந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சதும், சுற்றுலா இல்லாம காஞ்சு கிடந்த நாடுகளுக்கு அந்தச் சந்து திடீர்னு ராஜபாட்டையா தெரிஞ்சுது. 2020 ஜூலையில் பார்படோஸ் ஒரு வருஷ 'வெல்கம் ஸ்டாம்ப்', ஆகஸ்டில் எஸ்டோனியா டிஜிட்டல் நாடோடி விசா, 2021 ஜனவரியில் குரோஷியா, 2022-ல் மலேசியாவும் போர்ச்சுகலும். என்னைக் கேட்டா, இந்தத் தனி விசாக்களை விடப் பெரிய திருப்பம் சத்தமில்லாம நடந்தது. பிரிட்டன் 2024 ஜனவரி 31-லிருந்து சாதாரண வருகையாளர் விதிகள்லயே, வந்த முக்கியக் காரணம் அதுவா இல்லாத வரைக்கும் தன் நாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்யலாம்னு எழுதிச்சு. நியூசிலாந்து 2025 ஜனவரி 27-லிருந்து வருகையாளர் விசாவிலேயே வெளிநாட்டு முதலாளிக்கு வேலை செய்யலாம்னு சொல்லிச்சு. 1963 ரோம் விளக்கம் கவுண்டருக்கு வந்து சேர அறுபது வருஷம் ஆயிருக்கு.

தாய்லாந்து முதல்ல 2022-ல் பணக்காரங்களுக்குக் கதவைத் திறந்துச்சு. அந்த நீண்டகால விசாவில் தொலைதூர வேலைப் பிரிவுக்குப் பொதுவா வருஷ வருமானம் 80,000 டாலர் கேட்டாங்க. அவ்வ்வ். 2024 ஜூலை 15-லிருந்துதான் எங்களை மாதிரி ஆளுக்கும் எட்டற மாதிரி ஒண்ணு: டிடிவி. அஞ்சு வருஷம் செல்லும், ஒரு தடவை நுழைஞ்சா 180 நாள், வங்கியில் அஞ்சு லட்சம் பாட் காட்டணும். தொலைதூர வேலைக்காரங்கன்னு தெளிவாப் பேர் சொல்லி எழுதியிருந்தாங்க. அதே நாள்லதான் 93 நாட்டுக்காரங்களுக்கு அறுபது நாள் விசா இல்லா நுழைவும் வந்துச்சு. அந்தப் பட்டியல்ல இந்தியாவும் இருந்தது. டச்சுக்காரனுக்கும் எனக்கும் ஒரே எண்!

சேமிப்பைக் கூட்டினா அஞ்சு லட்சம் பாட் இழுத்துப் பறிச்சுத் தேறும் போல இருந்துச்சு. இந்தத் தடவை உண்மையைச் சொல்லிட்டுப் போகலாம்னு ஒரு வெறி. தேவையான தாள்கள்ல ஒண்ணு, இன்னார் எங்களுக்கு வேலை செய்கிறார்னு முதலாளி குடுக்கற கடிதம். கம்பெனிக்கு எழுதினேன். பத்து வருஷமா என்னை எந்த ஊர்ல இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்காதவங்க, கடிதம்னதும் வக்கீலைக் கூப்பிட்டாங்க. பதில் மூணு வாரம் கழிச்சு வந்துச்சு. மன்னிக்கவும், முடியாது.

காரணம் விசா இல்லை, வரி. ரோம் மாநாடு நடந்த அதே 1963-ல் ஓ.இ.சி.டி. ஒரு மாதிரி வரி ஒப்பந்தம் வெளியிட்டது. நாடுகள் போட்டுக்கிற இரட்டை வரி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதோட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதுப்படி ஊழியன் சம்பளத்துக்கு வேலையைச் செய்யறப்போ உடம்பு இருந்த நாடு வரி கேக்கலாம். 183 நாளுக்குள்ள இருந்தா சில நிபந்தனையோட விலக்கு. இன்னொரு ஆபத்து, ஒரு நாட்டில் கம்பெனிக்கு நிலையான தொழில் இடம் இருக்குன்னு ஆகிட்டா, கம்பெனி லாபத்துலயே அந்த நாடு பங்கு கேக்கலாம். கையேடு எழுதற ஒருத்தன் அறை வாடகைக்கு எடுத்ததுக்கெல்லாம் அப்படி ஆகாதுன்னுதான் நான் படிச்ச வரைக்கும் தெரிஞ்சுது. ஆனா வக்கீலுக்கு என்ன, கையெழுத்துப் போட்டால்தானே ஆபத்து? அந்த மேனேஜர், பாவம் நல்ல மனுஷர், தனியாக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ எங்கே இருக்கேன்னு நாங்க கேக்கலை. நீயும் சொல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது."

நாடு சரின்னு சொல்லிருச்சு, கம்பெனி வாயை மூடிக்கோன்னு சொல்லிருச்சு.

2025 ஜனவரியில் தங்கமணியையும் கூட்டிக்கிட்டு, அறுபது நாள் நுழைவுல பாங்காக் இறங்கினேன். முதல் பத்து நாள் நிஜமாவே லீவு. டிஎம் 6 அட்டையை விமானப் பயணிகளுக்கு 2022-லயே நிறுத்திட்டாங்க. டிக் போட ஒரு கட்டமும் இல்லை. கவுண்டர்ல ஒரு சின்னப் பையன், கேமராவைப் பார்க்கச் சொன்னான், முத்திரை போட்டான், அடுத்த ஆளைக் கூப்பிட்டான். விமானத்துல மூணு மணி நேரமா மனசுக்குள்ள ஒத்திகை பார்த்து வெச்சிருந்த பதில் அப்படியே தொண்டையில நின்னுச்சு. சீலோம் கோயில்ல தங்கமணி அர்ச்சனைத் தட்டு வாங்கினாங்க. பதினோராவது நாள் சியாங் மாயில் மதியம் ரெண்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன்.

2025 மே மாசத்துலேர்ந்து அந்த அட்டை திரும்ப வந்தாச்சு, இப்போ ஆன்லைன்ல நிரப்பணும். வர்ற டிசம்பருக்கு டிக்கெட் போட்டுட்டோம். நேத்து ராத்திரி சும்மா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'வந்த காரணம்'னு அதே கேள்வி, கீழே தொங்கற பட்டியல்ல விடுமுறை, வியாபாரம், வேலைவாய்ப்பு, மற்றவை. "எதைப் போடப் போறீங்க?"ன்னு தங்கமணி தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாங்க. இன்னும் நாள் இருக்குன்னு சொல்லி மூடி வெச்சுட்டேன்.